மலையிலிருந்து இறங்கும் பல்வலி

ஜவ்வாது மலையில் சாமை சாகுபடியின் வரவு-செலவை அறிய, சில மாதங்களுக்கு முன் ஜமுனாமரத்தூரைத் தாண்டியுள்ள ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தேன். ஆனால், அந்தப் பயணத்தில் என் நினைவில் தங்கியது ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் வீங்கிய கன்னம்தான்.

அவளுக்குப் பல பற்களில் சொத்தை. முழு மயக்கம் கொடுத்து ஒரே அமர்வில் சரிசெய்ய, சமவெளியில் உள்ள மருத்துவமனை ஒன்றில் நாள் குறித்திருந்தார்கள். விடியும் முன்பே புறப்பட்ட தாய், வழியில் பசியால் அழுத மகளுக்கு இரண்டு வாய் கஞ்சி ஊட்டிவிட்டார். சிகிச்சை தள்ளிவைக்கப்பட்டது. 'பிள்ளை அழும்போது எப்படிங்க ஐயா பார்த்துக்கிட்டு இருக்கிறது?' என்று என்னிடம் கேட்டார்.

மருத்துவமனையின் முடிவு சரியானதே. மயக்க நிலையில் இரைப்பையில் உள்ளது மேலெழுந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் திட உணவை ஆறு மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீரை இரண்டு மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்கிறார்கள். தாயும் தவறு செய்யவில்லை. மருத்துவமனையின் கடிகாரத்துக்கும் மலைப்பேருந்தின் நேரத்துக்கும் இடையே சிக்கிக்கொண்டவர் அவர்.

மயக்க மருந்தின் வரலாற்றில் பல் மருத்துவர்களுக்கு முதன்மையான இடம் உண்டு. அமெரிக்கப் பல் மருத்துவர்களான ஹோரஸ் வெல்ஸ் 1844-இல் நைட்ரஸ் ஆக்சைடையும், வில்லியம் மார்ட்டன் 1846-இல் ஈதரையும் பயன்படுத்திக் காட்டினர். உயிரிழப்புகளிலிருந்து பாடம் கற்ற பிரிட்டன், பல் சிகிச்சைக்கான முழு மயக்கத்தை 2001-ஆம் ஆண்டின் இறுதியோடு மருத்துவமனைகளுக்குள் மட்டும் என்று வரையறுத்தது. மூன்று வயதுக்குட்பட்டோருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலோ, திரும்பத் திரும்பவோ மயக்கம் கொடுப்பது குறித்து 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. அதேவேளையில், கைக்குழந்தைகளுக்கு ஒருமுறை, ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்கப்படும் மயக்கம் ஐந்து வயதில் அறிவுத்திறனைப் பாதித்ததாகத் தெரியவில்லை என 2019-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு கூறியது. ஆக, மயக்க மருந்தைக் கண்டு அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. ஆனால், அதற்கென மயக்கவியல் மருத்துவரும் அவசரகால வசதியும் இல்லாத இடத்தில் அதைக் கொடுக்கவும் கூடாது.

பொருளியல் படித்தவன் என்ற முறையில் என் கேள்வி வேறு. அறுவை அரங்கு, மயக்கவியல் மருத்துவர், கண்காணிப்புக் கருவிகள் என இத்தனையும் தேவைப்படும் நிலைக்கு ஒரு பாற்பல்லின் சொத்தை வளரும்வரை நாம் ஏன் காத்திருக்கிறோம்? ஃபுளோரைடு வார்னிஷ் பூசச் சில நிமிடங்கள் போதும். தொடக்க நிலைச் சொத்தையைத் தடுத்து நிறுத்தும் சில்வர் டைஅமைன் ஃபுளோரைடு பூச்சு பல்லைக் கறுப்பாக்கும் என்றாலும், ஊசியும் வேண்டாம், மயக்கமும் வேண்டாம். இவ்விரண்டையும் 2021-இல் உலக சுகாதார அமைப்பு அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. உலகில் 50 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பாற்பற்களில் சொத்தை உள்ளது என்பதும் அந்த அமைப்பின் மதிப்பீடே.

வருமுன் காப்பது பற்றிய பேச்சு, இன்று வலியால் துடிக்கும் குழந்தைக்கு ஆறுதலாகாது என்பது நியாயமான வாதம். எனவே, இரண்டும் வேண்டும். அங்கன்வாடிகளில் ஆண்டுக்கு இருமுறை பற்களைப் பரிசோதித்து வார்னிஷ் பூசட்டும். முழு மயக்கம் தேவைப்படும் மலைக்குழந்தைகளுக்குத் திருவண்ணாமலை, வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மாதம் ஒரு நாளை ஒதுக்கலாம். முந்தைய நாள் மாலையே தாயையும் குழந்தையையும் அங்கே தங்கவைத்து, கடைசி உணவை எத்தனை மணிக்குக் கொடுப்பது என்பதைச் செவிலியரே பார்த்துக்கொள்ளலாம்.

வீணான பயணத்தின் பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியும் எந்த மருத்துவமனையின் கணக்கிலும் ஏறுவதில்லை. அந்தக் குடும்பத்தின் கணக்கில்தான் ஏறுகின்றன. இரண்டு வாய் கஞ்சியைத் தாயின் தவறு என்று குறித்துவைப்பது எளிது. முந்தைய இரவு ஒரு படுக்கை கிடைத்திருந்தால் அந்தத் தவறே நேர்ந்திருக்காது.