இளநீர் வண்டியும் ஃபோர்க் வளைவும்

பழைய கறுப்பு சைக்கிளைப் பார்த்தாலே "தாத்தா வண்டி" என்று சிரிக்கிற நண்பர்களுக்காக இந்தப் பதிவு. பி.காம் படிக்கிறவனுக்கு ஃபோர்க்கில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். டெபிட், கிரெடிட் பார்த்துப் பார்த்து அலுத்துப் போனால் கண் வேறு எங்காவது போகத்தானே செய்யும் :-)

எங்கள் கொமரலிங்கம் அமராவதி ஆற்றங்கரை ஊர். தென்னைக்குப் பஞ்சமில்லை, அதனால் இளநீர் சைக்கிளுக்கும் பஞ்சமில்லை. பின் கேரியரின் இரண்டு பக்கமும் குலை குலையாகத் தொங்கும். ஆடி மாசக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து அடிக்கும்போதும் அந்த வண்டி நேராகப் போகும். ஓட்டுகிறவரின் பழக்கம் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாதி வேலையை அந்த ஃபோர்க் செய்கிறது என்பது என் கட்சி.

ஹேண்டில் பாரைத் தாங்குகிற குழாய் இருக்கிறதே, அதன் சாய்விலேயே ஒரு கோடு இழுத்துத் தரையில் தொடுங்கள். முன் சக்கரம் தரையைத் தொடும் இடம் அந்தப் புள்ளிக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்துக்குப் பெயர் ட்ரெயில். கடையில் தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம் இழுக்கிற திசைக்குத் தானே திரும்பிக்கொள்கிறது அல்லவா, அதே சங்கதி. ஃபோர்க் முன்பக்கம் எவ்வளவு வளைந்திருக்கிறதோ (இது ரேக்) அவ்வளவுக்கு ட்ரெயில் குறையும். குழாய் எவ்வளவு படுத்திருக்கிறதோ அவ்வளவுக்கு ட்ரெயில் கூடும். ஒரு பக்கம் பற்று, மறு பக்கம் வரவு. கணக்கு நம்ம பாடம்தான்!

எண்களில் பார்ப்போம். 28 அங்குலச் சக்கரம் போட்ட பழைய மாடலில் குழாய் சுமார் 67 டிகிரி, ரேக் 75 மி.மீ. என்று வைத்தால் ட்ரெயில் சுமார் 69 மி.மீ. வருகிறது. 73 டிகிரி, 45 மி.மீ. ரேக் உள்ள ரேஸ் சைக்கிளில் சுமார் 56. நம் ஊர் வண்டி பிரிட்டிஷ் ரோட்ஸ்டரின் வாரிசு. 1949-ல் தொடங்கி அம்பத்தூரில் தயாரித்த டிஐ சைக்கிள்ஸ் விற்ற ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ எல்லாமே அங்கிருந்து வந்த பெயர்கள்தான்.

இந்த 69 எதற்கு உதவுகிறது? பின்னால் சுமை ஏற ஏற முன் சக்கரத்தின் மேல் உள்ள எடையின் பங்கு குறையும். சக்கரத்தை நேராக்குகிற விசை அந்த எடையை நம்பித்தான் இருக்கிறது. ட்ரெயில் குறைவாக இருந்தால் ஹேண்டில் கையில் நிற்காமல் "லூஸ்" ஆகிவிடும். ட்ரெயில் கொஞ்சம் தாராளமாக இருந்தால் சமாளிக்கலாம். இரண்டு சக்கரத்துக்கும் இடையே நீளமும் அதிகம் என்பதால் இன்னும் நல்லது.

ஆனால் அதே வண்டியின் ஹேண்டிலில் இரண்டு கனமான பையை மாட்டிப் பாருங்கள். குழாய் படுத்திருக்கிற வண்டியில் ஹேண்டிலைத் திருப்பினாலே முன்பக்கம் லேசாகக் கீழே இறங்கும். அங்கே எடை இருந்தால் அது இன்னும் இறங்கப் பார்க்கும், ஹேண்டில் "பொத்"தென்று ஒரு பக்கம் சாயும். இந்தச் சரிவின் அளவு, மேலே சொன்ன கணக்கில், நம் வண்டிக்கு சுமார் 25 மி.மீ., ரேஸ் வண்டிக்கு 16. பள்ளிக்கூடப் பிள்ளைகள் புத்தகப் பையை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு, பின்னால் லாரி வரும் உடுமலை ரோட்டில் போவதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கேரியரில் வை கண்ணு என்று சொன்னால் "பை விழுந்துரும்ணா" என்கிறார்கள். ஒரு ரப்பர் டியூப் துண்டு போதும், கட்டிவிடலாம்.

முன்னால்தான் சுமை வேண்டும் என்றால் வண்டியை வேறு மாதிரிச் செய்ய வேண்டும். பாரிஸில் பத்திரிகைக் கட்டுகளை முன் ரேக்கில் ஏற்றிப் பறந்தவர்கள் இருந்தார்கள், அவர்களுக்குத் தனியாகப் பந்தயமே நடந்தது. அந்த பிரெஞ்சு மரபு சுமை வண்டிகளுக்கு ட்ரெயில் ரொம்பக் குறைவு. 73 டிகிரிக்கு 65 மி.மீ. ரேக் போட்டால் 36-க்கு வந்துவிடும். 1954-ல் தியன் பியன் பூ போரில் வியட்நாம்காரர்கள் 200 கிலோவுக்கு மேல் ஏற்றிய சைக்கிள்களை ஓட்டவே இல்லை. ஹேண்டிலில் மூங்கிலை நீட்டிக் கட்டி, நடந்து தள்ளினார்கள். அவ்வளவு எடைக்கு எந்த ஃபோர்க்கும் போதாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ட்ரெயிலே எல்லாம் என்றும் சொல்லவில்லை. 1970-ல் டேவிட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ்காரர் ஓட்டவே முடியாத சைக்கிள் செய்ய முயன்றார். ஃபோர்க்கைத் திருப்பிப் போட்டு ட்ரெயிலைக் கூட்டியதும், ஆள் இல்லாமல் தள்ளிவிட்டால் கூட அது அலாதியாக நேராக ஓடியது. 2011-ல் வேறொரு குழு ட்ரெயிலும் இல்லாமல், சக்கரச் சுழற்சியின் உதவியும் இல்லாமல் தானே நிற்கிற ஒரு வண்டியைச் செய்து காட்டியது. எடை எங்கே இருக்கிறது என்பதும் அவ்வளவு முக்கியம்.

என் கோபமெல்லாம் மலிவு விலை ஷாக் அப்சார்பர் சைக்கிள் மேல்தான். பிரேக் பிடித்ததும் முன் ஸ்பிரிங் அமுங்கும், குழாய் நிமிரும், ட்ரெயில் சுருங்கும். அதாவது நிதானம் மிக அதிகமாகத் தேவைப்படுகிற அந்த நொடியில் வண்டி நிதானம் இழக்கிறது. பால் கேன் ஏற்றுகிறவருக்கும் "இப்போ இதுதான் சார் ஓடுது" என்று அதையே தலையில் கட்டுகிற கடைக்காரர்களை என்ன சொல்வது? பார்க்க பைக் மாதிரி இருக்கிறது, சரி. கேரியர் மாட்ட ஒழுங்கான துளையாவது இருக்கிறதா?

இன்னொன்று. மோதி ஃபோர்க் பின்னால் மடங்கினால், "லேசாத்தான், ஓட்டுங்க" என்று விட்டுவிடுகிறார்கள். 20 மி.மீ. பின்னால் போனால் நம் கணக்கில் ட்ரெயில் 90-ஐத் தாண்டும், ஹேண்டில் கனக்கும். மாற்றும்போதும் கையில் கிடைத்ததைப் போடாமல் பழையதைப் பக்கத்தில் வைத்து வளைவை ஒப்பிடச் சொல்லுங்கள். வீட்டில் பார்க்க ஒரு நூல், ஒரு கல், ஒரு நீளக் குச்சி போதும். குச்சியைக் குழாயின் சாய்விலேயே தரைவரை பிடியுங்கள், அச்சிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடுங்கள், நடுவிலுள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்துவிடலாம். உங்கள் வண்டிக்கு எவ்வளவு வருகிறது, சுமை எங்கே ஏற்றுகிறீர்கள் என்று பின்னூட்டத்தில் சொல்லுங்களேன்.