அவனுக்கு அசரீரி, நமக்குக் காரை

2023 ஜூலையில் ‘மாவீரன்’ வந்தபோது நாகர்கோவிலில் எங்கள் பகுதிப் பெண்களோடு சேர்ந்துதான் பார்த்தோம். வெளியே வரும்போது ஓர் அக்கா சொன்னது: “மக்களே, அவனுக்கு மேலேருந்து சத்தம் கேக்கு. நமக்கு மேலேருந்து காரைதான் விழுது.” இதைவிடச் சரியான விமர்சனம் எங்களுக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

மடோன் அஸ்வின் எடுத்துக்கொண்ட களம் நிஜமானது, அதை மறுக்கவில்லை. குடிசைகளைக் காலி செய்து மக்களை அடுக்குமாடியில் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். குடியேறிய கையோடு சுவர் உதிர்கிறது. 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் கையால் தொட்டாலே பூச்சு கொட்டியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அடுத்த மாதமே குடிசை மாற்று வாரியத்தின் பெயர் ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ என்று மாறியது. பெயரை மாற்றுவது சுலபம்.

ஆனால் படம் என்ன செய்கிறது? அந்தக் கட்டடத்தைக் கதாநாயகன் சத்யாவின் மனப்பயிற்சிக் கூடமாக்கிவிடுகிறது. அவன் பயந்தவன், எதற்கும் ‘அட்ஜஸ்ட்’ செய்கிறவன். தலையில் அடிபட்டதும் அவனுக்கு மட்டும் ஒரு குரல் கேட்கிறது. அவன் தன் வீரத்தைக் கண்டுபிடிப்பானா என்பதே கதை. வீட்டைக் கட்டித் திருடியவர்கள் யார், ஒப்பந்தம் எப்படிக் கைமாறியது என்பதெல்லாம் மிஷ்கின் நடித்த ஒரே அமைச்சரோடு முடிந்துவிடுகிறது. சென்னையின் ஓரத்தில் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்க் கொட்டப்பட்டவர்களில் தலித்துகள் ஏன் இத்தனை பேர் என்ற கேள்வியே எழவில்லை. ‘மண்டேலா’வில் சாதியை அவ்வளவு கூர்மையாகப் பேசிய இயக்குநர் இவர் என்பதால்தான் நமக்குக் கோபம்.

ஸ்பைடர்மேனும் தன்னைத் தேடுகிறவன்தானே என்று நண்பர் ஒருவர் வாதாடினார். தேடட்டும். நம் பயத்தை நம் குணக்கேடாகக் காட்டாதீர்கள் என்கிறோம். எங்கள் வேலையில் தினமும் பார்ப்பது இது: ஓட்டையான தொகுப்பு வீட்டுக்கு மனு எழுதினால், தோட்ட வேலைக்கு இனி கூப்பிட மாட்டார்கள் என்று கையெழுத்துப் போடத் தயங்குவார்கள். அது கோழைத்தனமா? கணக்குப் பார்த்து வரும் பயம் அது. எந்த அசரீரி வந்தாலும் மறுநாள் கூலியை அது தராது.

இன்னொன்று. சரிதா நடித்த அம்மா முதல் காட்சியிலிருந்தே சண்டை போடுகிறாள். அவளுக்கு எந்தக் குரலும் தேவைப்படவில்லை. வீரம் அந்த வீட்டிலேயே இருந்தது. படம் அவளைச் சத்தம் போடுகிறவளாக வைத்துவிட்டு, மகனுக்கு விஜய் சேதுபதியின் குரலைக் கொடுத்தது.

நம் பக்கத்து வரலாறு வேறு மாதிரி. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1893-ல், அய்யங்காளி வில்வண்டியில் ஏறித் தடுக்கப்பட்ட சாலையில் போனார். சினிமாவுக்கு அந்த ஒரு காட்சி போதும். ஆனால் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்க மாட்டோம் என்று புலையர்கள் கூட்டமாக வேலையை நிறுத்தியதுதான் நிலக்காரர்களை ஆட்டியது. 1907-ல் சாதுஜன பரிபாலன சங்கம் பிறந்தது. 1926-ல் சுசீந்திரம் கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் செய்தவர்களும் கூட்டமாகத்தான் நின்றார்கள். அத்தனை பேரும் தங்களுக்குள் ஒளிந்திருந்த வீரனைக் கண்டுபிடித்த பிறகா வந்தார்கள்? பயந்துகொண்டேதான் வந்திருப்பார்கள். பக்கத்தில் ஆள் இருந்தது.

படத்தில் கட்டடம் சரிவதற்குள் ஒருவன் எல்லோரையும் வெளியேற்றிவிடுகிறான். சரி, அன்று இரவு அவர்கள் எங்கே படுத்தார்கள்?

அந்த அக்காவின் வீட்டுக் கூரையில் இப்போது கம்பி தெரிகிறது. போன மனுவில் ஐந்து கையெழுத்து. இந்தத் திங்கட்கிழமை கொண்டுபோவதில் பதினேழு வீட்டுக்காரர்களும் போட்டிருக்கிறார்கள்.