பெட்டியைத் திறக்க விடுங்கள்

இந்த வாரம் முழுக்கக் கோபத்தில் இருந்தேன். உறவுக்காரப் பையன் ஒருவனின் காரில் மூன்றாம் கியர் போடும்போது மட்டும் கரகரவென்று சத்தம். மற்ற கியர்கள் வெண்ணெயாக விழுகின்றன. சர்வீஸ் சென்டரில் கியர் பெட்டியை இறக்கிக்கூடப் பார்க்கவில்லை. ‘உள்ளே எதுவும் தனியாக வராது, அசெம்பிளியாகத்தான் மாற்ற வேண்டும்’ என்று ஒரு தாளை நீட்டினார்கள். அந்தத் தாளில் இருந்த தொகைக்கு நல்ல பழைய மாருதி ஒன்றே வாங்கலாம். ஒரே கியரில் மட்டும் இப்படிச் சத்தம் வந்தால், பெரும்பாலும் உள்ளே தேய்ந்திருப்பது சிங்க்ரோ ரிங். உள்ளங்கையில் அடங்கிவிடும் பித்தளை வளையம் அது. அதற்காக, இன்னும் பல வருடம் உழைக்கக்கூடிய பற்சக்கரங்களையும் ஷாஃப்டுகளையும் பேரிங்குகளையும் சேர்த்து எடைக்குப் போடச் சொல்கிறார்கள்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென்று ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் திறந்தார்கள். விவசாயக் கருவிகள், மொபைல் போன், வீட்டுச் சாதனங்கள் ஆகியவற்றோடு மோட்டார் வாகனமும் அதில் உண்டு. அந்தத் தளம் இதுவரை என்ன செய்திருக்கிறது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன், பழைய ஜீப்புகளைப் பழுதுபார்க்கும் மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்று பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குப் போனேன். அங்கே பார்த்ததை எழுதாமல் வேறு எதையும் எழுத இப்போது மனம் வரவில்லை.

மேஸ்திரியை இந்தப் பத்தியின் வாசகர்களுக்குத் தெரியும். கோபாலபுரம் செக்போஸ்ட் பற்றி எழுதியபோதும், தேங்காய் லாரிகளைப் பற்றி எழுதியபோதும் வந்தவர். வீட்டுக்குப் பின்னால் தகரக்கொட்டகை, அதில் ஒரு செயின் பிளாக், நடுவில் பழைய பள்ளிக்கூட மேஜை. இந்த முறை மேஜைமேல் கோணி விரித்து, அதன்மேல் இரண்டு கியர் பாக்ஸ்களைப் பிரித்துப் பரப்பியிருந்தார். இரண்டிலிருந்தும் ஒன்று செய்யப்போகிறார். வண்டி சூரியநெல்லி ஜீப். கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றிப் போவது.

கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் வண்டியில் ஏற வேண்டுமென்றால் இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லி வழியாகத்தான் போக முடியும். எட்டாயிரம் அடியை நெருங்கும் அந்தத் தேயிலைக் காட்டுக்குக் கல்லும் பள்ளமுமான பாதை, ஜீப் தவிர வேறொன்றும் ஏறாது. இந்தப் பக்கம் பறம்பிக்குளம் நேர்மாறு. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் சாலைவழி போக சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டைச் சுற்ற வேண்டும். எல்லைக்கோட்டை ஒருவர் வரைந்தார், பாதையை மலை வரைந்தது. இங்கே வண்டியோட்டிப் பிழைப்பவர்களுக்கு இரண்டு மாநிலத்துக் கடைகளும் இரண்டு மாநிலத்துப் பட்டறைகளும் வேண்டும். மேஜைமேல் கிடந்த கேசிங் கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து வந்தது. கியர்கள் நெல்லியாம்பதி எஸ்டேட்டில் ஓடி ஓய்ந்த ஒரு ஜீப்பினுடையவை. கேசிங் நன்றாக இருந்த பெட்டியில் கியர்கள் போய்விட்டன, கியர்கள் நன்றாக இருந்த பெட்டியில் கேசிங் வெடித்துவிட்டது.

எதற்கு இந்தப் பாடு? அந்த வண்டியில் முதலில் இருந்தது டி-90 என்ற மூன்று கியர் பெட்டி. வில்லிஸ் காலத்தது, மகிந்திரா ஜீப்பிலும் பல காலம் வந்தது. அதன் முதல் கியர் விகிதம் 2.798. டிரான்ஸ்ஃபர் கேஸை ‘லோ’வில் போட்டால் 2.46. ஆக்ஸில் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற இன்ஜின் 37 சுற்றுச் சுற்றுகிறது என்று பொருள். ஏறுவதற்கு இது போதும். கஷ்டம் அடுத்த கியரில். இரண்டாவது கியர் 1.551. முதலிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றியதும் இன்ஜின் சுற்று ஏறக்குறையப் பாதியாக விழும். ஆள் நிறைந்த வண்டி, ஏற்றம், இன்ஜின் திணறும். திரும்ப முதலுக்கு வரலாமென்றால் முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது, வண்டியை நிறுத்தித்தான் போட வேண்டும். அந்த மேட்டில் நிறுத்தி எடுப்பது என்னவென்று ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே பின்னால் வந்த நான்கு கியர் பெட்டி வேண்டும். அது இப்போது புதிதாகக் கிடைக்காது.

“ரெண்டு பெட்டியும் ஒரே மாடல்தானே மேஸ்திரி, எதை வேணும்னாலும் எதுல வேணும்னாலும் போட்றலாமே?” என்று கேட்டேன்.

“அப்படியில்லீங்க சார். பேரிங் மாத்தலாம், புஷ் மாத்தலாம், ஷிஃப்ட் ஃபோர்க் மாத்தலாம். கியரு மட்டும் ஜோடி பிரிக்கக் கூடாதுங்க. பல்லுக்குப் பல்லு பழகித் தேஞ்சிருக்கும். ஒண்ணை எடுத்து வேற ஒண்ணோட சேத்துனா ரெண்டும் அழும்.”

அவர் ‘அழும்’ என்றது அந்த ஊளைச் சத்தத்தை. தேய்ந்த பற்சக்கரம் இன்னொரு தேய்ந்ததோடு சேரும்போது, பல் முழு அகலத்தில் படாமல் ஓரத்தில் படும். நீல மையைப் பல்லில் தடவி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தால் எங்கே படுகிறது என்று தெரிந்துவிடும். மேஸ்திரி தடவிக் காட்டினார். எஸ்டேட் ஜீப்பின் ஜோடிகளில் மை பல்லின் நடுவில் நன்றாகப் பரந்து பதிந்தது.

சிக்கலான வேலை பெட்டிக்கு வெளியேதான். அந்த ஜீப்பில் இப்போது இருப்பது பின்னாளைய டீசல் இன்ஜின். அதன் பிளைவீலுக்கு ஏற்ற கிளட்ச் பிளேட்டின் நடுத்துளை, இந்தப் பெட்டியின் ஷாஃப்ட் ஸ்ப்ளைனுக்குப் பொருந்தவில்லை. இரண்டு கிளட்ச் பிளேட்டை எடுத்து, ஒன்றின் நடுக்குடத்தைக் கழற்றி மற்றதில் ரிவெட் அடித்துவிட்டார். ஷாஃப்டின் மூக்கு, கிராங்க்‌ஷாஃப்டின் துளையில் லொடலொடத்தது. அதற்கு வெண்கலத்தில் ஒரு பைலட் புஷ் கடைந்தாயிற்று. இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவில் வரும் அடாப்டர் பிளேட்டைக் கோவையில் கொடுத்துச் செய்திருக்கிறார். அதில் மட்டும் யாரையும் நம்ப மாட்டார். டயல் கேஜை கிராங்க்கின் பின்முனையில் கட்டி, பிளேட்டின் துளையைச் சுற்றி முள்ளை ஓடவிட்டு, ஓர் இன்ச்சில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்குள் வருகிறதா என்று பார்த்தார். அதற்குமேல் விலகினால் இன்ஜினும் பெட்டியும் ஒரே கோட்டில் நிற்காது. பெட்டியின் முன் பேரிங் சீக்கிரமே போய்விடும். எல்லாரும் பேரிங் கம்பெனியைத் திட்டுவார்கள்.

இதையெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டதற்கு, எண்ணெய்க் கறை ஏறிய ஒரு ஜெராக்ஸ் கட்டை எடுத்து மேஜையில் வைத்தார். இங்கிருந்துதான் நான் எழுத வந்தது என்னை விட்டுப் போனது.

அமெரிக்க ராணுவத்தின் டிஎம் 9-803. கால் டன் ஜீப்புக்கான கையேடு, 1944. அதோடு சேர்ந்த 9-1803பி, கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், ஆக்ஸில் எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டுவது பற்றியது. கட்டை வாங்கிக்கொண்டு வந்து இரண்டு இரவு விடாமல் வாசித்தேன். தொழில்நுட்ப நூல்கள் நிறைய வாசித்திருக்கிறேன், வாசிக்கிறவனை இவ்வளவு மதிக்கும் ஒரு நூலைப் பார்த்ததில்லை. முதலில் எந்த போல்ட், அடுத்து எது, எந்த ஷாஃப்டை எந்தப் பக்கமாகத் தட்டி எடுக்க வேண்டும், கழுவியபின் எதைக் கண்ணால் பார்க்க வேண்டும், எதை அளக்க வேண்டும், எவ்வளவு தேய்ந்தால் தூக்கிப் போட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறது. தொழில் ரகசியம் என்று ஒன்றையும் ஒளிக்கவில்லை. கிராமத்திலிருந்து பட்டாளத்துக்கு வந்த இருபது வயதுப் பையன், ஒரு மரத்தடியில் பெட்டியைப் பிரித்துத் திரும்பப் பூட்டியாக வேண்டும், அதில் அவன் உயிரும் கூட வருகிறவர்களின் உயிரும் இருக்கிறது. அந்தப் பொறுப்போடு எழுதியிருக்கிறார்கள். படங்களைப் பாருங்கள்: பெட்டியின் உள்ளுறுப்புகள் எல்லாம் கோடுபோல வரிசையாக விரிந்து நிற்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். அமெரிக்க அரசின் வெளியீடு என்பதால் காப்புரிமையும் கிடையாது. எவரும் எடுத்து வாசிக்கலாம், அச்சடிக்கலாம், தமிழில் கொண்டுவரலாம். ஐடிஐ மாணவர்களுக்காக யாராவது அதைச் செய்தே தீர வேண்டும் என்பது என் ஆசை.

அந்த நூலை வாசித்தபின் ஜீப்பின் பிறப்பைத் தேடிப் போனேன். 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதியது. 49 நாளில் மாதிரி வண்டி வேண்டும் என்றது. அந்தக் கெடுவுக்குள் செய்து காட்டியது பென்சில்வேனியாவில் நொடித்துக் கிடந்த அமெரிக்கன் பேன்டம் என்ற சின்னக் கம்பெனி. கார்ல் பிராப்ஸ்ட் என்ற பொறியாளரை அழைத்தார்கள். அவர் புதிதாக எல்லாவற்றையும் கண்டுபிடித்துக்கொண்டிருக்கவில்லை, நேரம் ஏது? இன்ஜின் கான்டினென்டலிடமிருந்து. மூன்று கியர் பெட்டி வார்னர் கியரிடமிருந்து. ஆக்ஸில்கள், ஸ்டூடிபேக்கர் சாம்பியன் காரினுடையவற்றை ஸ்பைசர் கம்பெனி மாற்றிக் கொடுத்தவை. எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டி, செப்டம்பர் 23 அன்று பால்டிமோரில் இருந்த ஹோலபேர்ட் முகாமுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். கெடு முடிய அரை மணி நேரம்தான் மிச்சம்.

உலகத்தின் முதல் ஜீப்பே அங்கிருந்தும் இங்கிருந்தும் எடுத்துச் சேர்த்த வண்டி! பிறகு ராணுவம் வில்லிஸ் வடிவத்தை எடுத்து, ஃபோர்டையும் அதையே செய்யச் சொன்னது. ஃபோர்டு ஜீப்பின் உறுப்பு வில்லிஸில் பொருந்த வேண்டும், வில்லிஸுடையது ஃபோர்டில் பொருந்த வேண்டும் என்பது நிபந்தனை. ஃபோர்டு தன் உறுப்புகளில், போல்ட் தலையில்கூட ‘எஃப்’ என்று எழுத்துப் பொறித்தது. இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். போர்முனையில் உடைந்த இரண்டு வண்டியிலிருந்து ஓடுகிற ஒரு வண்டியைப் பூட்டலாம் என்பதை முன்கூட்டியே யோசித்துச் செய்த ஏற்பாடு அது. பேன்டம் பாவம், மூவாயிரத்துக்கும் குறைவாகச் செய்துவிட்டு டிரெய்லர் கட்டப் போனது. அந்த அநியாயத்தைப் பற்றி இன்னொரு வாரம் எழுத வேண்டும்.

கொழிஞ்சாம்பாறைக் கொட்டகையில் நடப்பது அந்த ஏற்பாட்டின் தொடர்ச்சிதான். மேஸ்திரி தில்லுமுல்லு செய்யவில்லை, அந்த வண்டி எப்படி வாழ வேண்டும் என்று நினைத்துச் செய்யப்பட்டதோ அப்படி அதை வாழவைக்கிறார்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை அழுத்திச் சொன்னது. காதைக் கிழிக்கும் சைலன்சரையும் வண்டியைவிட அகலமான டயரையும் மாட்டிக்கொண்டு திரிகிறவர்களை நினைத்தால் அந்தத் தீர்ப்பின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் எண் உண்டு, சேஸிஸ் எண் உண்டு, கியர் பாக்ஸுக்கு என்று எதுவும் கிடையாது. அதனால் நல்ல வேலையையும் மோசமான வேலையையும் பிரித்துப் பார்க்க அதிகாரியிடம் எந்த அளவுகோலும் இல்லை.

பிரிட்டனில் ஓர் அளவுகோல் வைத்தார்கள். பல ஆண்டுகள் அங்கே நடைமுறையில் இருந்த கணக்கு இது: பழைய சேஸிஸ் அப்படியே இருந்தால் 5 புள்ளி. சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர் பாக்ஸ், ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் 2. இன்ஜினுக்கு 1. மொத்தம் 14. எட்டுப் புள்ளி தேறினால் அது அதே வண்டி, பழைய எண்ணே தொடரும். தேறாவிட்டால் தனி வண்டி ஒன்றுக்கான பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். கியர் பாக்ஸை மாற்றினால் 12 மிஞ்சும். இடுக்கியிலும் பாலக்காட்டிலும் மலையேறும் ஜீப்புகளுக்கு இப்படி ஒரு கணக்கும், வருடம் ஒருமுறை தகுதியுள்ள பொறியாளர் ஒருவர் பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் சேர்த்துப் பார்த்துக் கையெழுத்திடும் ஏற்பாடும் இருந்தால், கொட்டகையில் நடக்கும் வேலை வெளிச்சத்துக்கு வரும். பிழையான வேலை பிடிபடும். ஷாஃப்டை இரண்டாக வெட்டி, வெல்டிங் வைத்து ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மேல்தோல் கடினமாக்கப்பட்ட எஃகு, வெல்டிங் சூட்டில் அந்த ஓரத்தில் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். மலைச்சரிவில் அது முறிந்தால் என்ன ஆகும் என்று எழுதக் கை கூசுகிறது. அவர்களைத் தடுக்க வேண்டுமென்றால் மேஸ்திரி மாதிரியானவர்களுக்கு ஒரு வாசல் திறந்துவைக்க வேண்டும்.

பெட்டி ஏறக்குறையப் பூட்டியாயிற்று. எண்ட் ஃப்ளோட் பார்த்து ஷிம் போட்டாயிற்று. சிங்க்ரோ ரிங்குகள் பித்தளை என்பதால் ஜிஎல்-4 ஆயில்தான் ஊற்றப் போகிறார். ஜிஎல்-5ல் இருக்கும் கந்தகச் சேர்க்கைகள் பித்தளையை அரிக்கக்கூடும். குறை ஒன்றே ஒன்று: ரிவர்ஸ் ஐட்லர் கியர். இரண்டு பெட்டியிலும் அதன் பல் முனைகள் உடைந்திருக்கின்றன, வண்டி முழுதாக நிற்கும் முன்பே ரிவர்ஸ் போட்ட கைகள் செய்த வேலை. உக்கடத்தில் இரண்டு வாரமாகச் சொல்லி வைத்திருக்கிறார், சூரியநெல்லிக்காரர் தினமும் போன் செய்து “அண்ணே, கெடச்சிருச்சா?” என்கிறார். மகிந்திராவின் பழைய நான்கு கியர் பெட்டி உடைத்த யாரிடமாவது, கம்பத்திலோ போடியிலோ பொள்ளாச்சியிலோ, பல் முனை கெடாத ரிவர்ஸ் ஐட்லர் இருந்தால் இந்தப் பத்திரிகையின் முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். ஷாஃப்டோடு சேர்த்துக் கிடைத்தால் இன்னும் நல்லது.