மீத்தேன் கிணற்றில் முதலில் வருவது தண்ணீர்

"அண்ணே, மீத்தேன்தான் போயிடுச்சே. சட்டமே வந்துடுச்சு. இன்னும் எதுக்கு அதையே பேசிக்கிட்டு இருக்கீங்க?"

மன்னார்குடிப் பக்கத்தில் நடந்த ஒரு பாரம்பரிய நெல் பயிற்சியில், தேநீர் நேரத்தில் ஒரு தம்பி கேட்டார். வெளியூர் வேலையை விட்டுவிட்டு அப்பாவின் மூன்று ஏக்கரில் இறங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. 2010ல் அவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பார். கேள்வியில் தப்பு ஒன்றும் இல்லை. நாம்தான் "மீத்தேனை விரட்டினோம்" என்று சொன்னோமே தவிர, எதை விரட்டினோம் என்று அடுத்த தலைமுறைக்கு விளக்கிச் சொல்லவில்லை.

பூமிக்கு அடியில் நிலக்கரிப் படுகை இருக்கிறது. அந்தக் கரியின் நுண்ணிய துளைகளில் மீத்தேன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை அங்கேயே பிடித்து வைத்திருப்பது தண்ணீரின் அழுத்தம். கோலி சோடா ஞாபகம் இருக்கிறதா? கோலியை அழுத்தி உள்ளே தள்ளினால்தானே காற்று பொங்கும்? நிலக்கரிக்கு அந்தக் கோலி, தண்ணீர்தான். தண்ணீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால் மட்டுமே மீத்தேன் கரியை விட்டுக் கிளம்பும். அதனால் கிணறு தோண்டியதும் முதலில் மேலே வருவது வாயு இல்லை, தண்ணீர். மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் குறையக் குறைய வாயு கூடும்.

குழாய் உடைந்தால் ஆபத்து, கசிந்தால் ஆபத்து என்றுதான் பலரும் பேசுகிறார்கள். அதெல்லாம் விபத்து. கவனமாக வேலை பார்த்தால் விபத்து நடக்காது என்று நிறுவனம் பதில் சொல்லிவிடும். ஆனால் நிலத்தடி நீரை வெளியேற்றுவது விபத்து இல்லீங்க. அதுதான் வேலைமுறை. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் அதைச் செய்தே ஆக வேண்டும். டெல்டாவில் இந்தத் தொழில் கூடாது என்று சொல்ல இந்த ஒரு காரணமே போதும் என்பது என் கருத்து.

இறைத்த தண்ணீரை என்ன செய்வது? "வயலுக்கு விடலாமே, நல்லதுதானே" என்று அப்பாவியாகக் கேட்பவர்களும் உண்டு. நிலக்கரிப் படுகைத் தண்ணீரில் பொதுவாகச் சோடியமும் பைகார்பனேட்டும் அதிகம், சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் குறைவு. இந்தத் தண்ணீர் களிமண்ணில் பாய்ந்தால் என்ன ஆகும் என்று களர் நிலம் வைத்திருக்கிற உழவருக்குத் தெரியும். மண் துகளில் இருக்கும் சுண்ணாம்பைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் சோடியம் உட்காரும். கட்டுக்கோப்பாக இருந்த மண் கலைந்து குழம்பும். ஈரத்தில் சேறு, காய்ந்தால் பாறை. தண்ணீரும் இறங்காது, காற்றும் போகாது, மண்புழுவும் நிற்காது. தொழுவுரமும் பசுந்தாளுமாக நாம் பத்து வருடம் போட்டுக் கட்டியெழுப்பிய மண் அது. களரைத் திருத்த ஜிப்சம் போட்டு, தக்கைப்பூண்டு மடக்கி உழுது, நல்ல தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும். அந்த நல்ல தண்ணீருக்கு எங்கே போவது?

இது பயமுறுத்தும் கற்பனை என்று யாராவது சொன்னால் அமெரிக்காவைக் காட்டுங்கள். வயோமிங், மொன்டானா மாநிலங்களில் உள்ள பவுடர் ஆற்றுப் படுகையில் ஆயிரக்கணக்கான மீத்தேன் கிணறுகள் போட்டார்கள். மொன்டானாவில் ஒரு நிறுவனம் அந்தத் தண்ணீரை டங் என்ற ஆற்றில் விட்டது. உழவர்களும் பண்ணையாளர்களும் சேர்ந்த அமைப்பு வழக்குப் போட்டது. பூமியிலிருந்து வந்த தண்ணீரை அப்படியே விடுகிறோம், அது எப்படி மாசு ஆகும் என்பது நிறுவனத்தின் வாதம். எதையும் சேர்க்காவிட்டாலும் அது மாசுதான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003ல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் மொன்டானா அரசு, பாசன ஆறுகளில் உப்புக்கும் சோடியத்துக்கும் எண்ணிட்டு எல்லை வகுத்தது. அடியில் இருக்கும்வரை அது நீர். மேலே கொண்டுவந்தால் கழிவு.

அடுத்த கேள்வி, அடியில் என்ன ஆகும்? "நிலக்கரி வெகு ஆழத்தில் இருக்கு, உங்க போர் மேலாகத்தானே இருக்கு, நடுவில் களிமண் அடுக்கு இருக்கு" என்று சொல்வார்கள். நடுவில் அடுக்குகள் இருப்பது உண்மைதான். ஆனால் இரும்புத் தகடு போட்டு அடைத்த மாதிரி எந்த அடுக்கும் இல்லை. கீழே அழுத்தம் குறைந்தால், எங்கே வழி இருக்கிறதோ அங்கே மேலிருந்து தண்ணீர் மெல்ல இறங்கும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இதை அரசே ஏற்றுக்கொண்டு சட்டம் போட்டிருக்கிறது. வாயு எடுப்பதால் உழவரின் ஆழ்துளைக் கிணற்று மட்டம் இறுகிய பாறைப் படுகையில் 5 மீட்டர், இறுகாத மணற்படுகையில் 2 மீட்டர் என்ற அளவைத் தாண்டி இறங்கினால், நிறுவனம் ஈடு செய்ய வேண்டும். பாதிப்பே வராது என்றால் ஈட்டுக்கு ஏன் சட்டம்? நம் காவிரிப் படுகை மேலே வண்டல், கீழே மணலும் களியும் மாறிமாறி வரும் இறுகாத படுகை. பக்கத்திலேயே கடல். நன்னீரின் அழுத்தம் குறைந்தால் உப்பு நீர் உள்ளே வரும். நாகைக் கரையோர ஊர்களில் கைப்பம்பு அடித்துப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

நெய்வேலி நமக்கு இன்னும் பக்கம். அது மீத்தேன் இல்லை, பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். ஆனால் அங்கேயும் கரிக்கு அடியில் இருக்கும் நீரின் அழுத்தத்தைக் குறைக்காமல் சுரங்கம் நடத்த முடியாது. ஆரம்பம் முதல் இன்றுவரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு காலத்தில் குழாய் இறக்கினால் தானாகப் பொங்கிய பூமி அது. இன்று சுற்றுவட்டார உழவர் எத்தனை அடிக்கு மோட்டார் இறக்குகிறார் என்று நேரில் போய்க் கேட்டுப் பாருங்கள்.

இனி தம்பியின் கேள்விக்கு வருவோம். மன்னார்குடி வட்டாரத்தில் சுமார் 690 சதுர கிலோமீட்டரில் மீத்தேன் எடுக்க 2010ல் ஒப்பந்தம் ஆனது. 2011 ஜனவரியில் தமிழக அரசும் கையெழுத்துப் போட்டது. ஊர் ஊராக மக்கள் எழுந்தார்கள். நம்மாழ்வார் அய்யா அந்தப் பரப்புரைப் பயணத்தில் இருந்தபோதுதான், 2013 டிசம்பர் 30 அன்று, பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில் நம்மை விட்டுப் போனார். அதே ஆண்டு அரசு பணியை நிறுத்தி வல்லுநர் குழு போட்டது. 2015ல் திட்டத்துக்குத் தடை வந்தது. 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. இது சின்ன வெற்றி இல்லை.

ஆனால் அந்தச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். சட்டம் வருவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த எண்ணெய், எரிவாயுப் பணிகளை அது தொடவில்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களோடு கடலூர், புதுக்கோட்டையில் சில ஒன்றியங்கள்தான் அதில் சேர்ந்தன. அரியலூர் இல்லை, திருச்சி இல்லை. நிலத்தடி நீருக்கு மாவட்ட எல்லை தெரியுமா? எண்ணெய் வயல்கள் ஒன்றிய அரசின் அதிகாரத்தில் இருக்கின்றன. 2016ல் வந்த புதிய கொள்கைப்படி, ஒரே உரிமத்தில் எண்ணெய், எரிவாயு, பாறைவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன் எல்லாவற்றையும் தேடலாம். மீத்தேன் என்ற பெயரே இல்லாமல் ஹைட்ரோகார்பன் என்று வரும். 2017ல் நெடுவாசலுக்கு அந்தப் பெயரில்தான் வந்தது. 2023ல் நிலக்கரி என்ற பெயரில் வந்தது. வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று ஏலப் பட்டியலில் போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்தார்கள். பெயர் மாறலாம். கரியைத் தொடும் எந்தத் திட்டமும் தண்ணீரைத் தொடாமல் நடக்காது.

நம் பக்கத்தையும் ஒளிவு மறைவில்லாமல் பேசிவிடுவோம். டெல்டாவில் நீர்மட்டம் இறங்குவதற்கு நம் மோட்டாரும் காரணம். மேட்டூர் திறக்காத வருடத்திலும் போரை நம்பிக் குறுவை போடுகிறோம், ஏரி குளங்களைத் தூர்ந்துபோக விட்டுவிட்டோம். "நீங்களே உறிஞ்சுறீங்க, எங்களைக் கேட்கலாமா?" என்று நாளை ஒரு அதிகாரி கேட்டால் நம்மிடம் பதில் இருக்க வேண்டும். குளத்தை வெட்டி, ஒற்றை நாற்று நட்டு, காயவிட்டுப் பாய்ச்சி, தேவையில்லாத நேரத்தில் மோட்டாரை நிறுத்துகிற உழவரின் குரலுக்குத்தான் கனம் அதிகம்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. குயின்ஸ்லாந்து உழவர் ஈடு கேட்க முடிவதற்குக் காரணம், வாயு எடுப்பதற்கு முன் அவர் கிணறு எப்படி இருந்தது என்று பதிவு இருப்பதுதான். நம்மில் எத்தனை பேரிடம் அப்படி ஒரு தாள் இருக்கிறது? "முன்னாடி தண்ணி நல்லா இருந்துச்சுங்க" என்று சொன்னால் எந்த நீதிமன்றமும் கேட்காது.

அதனால் ஊருக்கு ஒரு நோட்டுப் போடுவோம். பத்துக் கிணறு, பத்து போர் தேர்ந்தெடுங்கள். கோடை முடிவில் ஒரு தடவை, மழை முடிந்து தை மாதத்தில் ஒரு தடவை நீர்மட்டத்தை அளந்து தேதி போட்டு எழுதுங்கள். அன்றே தண்ணீர் மாதிரி எடுத்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். உப்பின் அளவோடு சோடியத்தின் அளவையும் கேட்டு வாங்குங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில் அந்த நோட்டை வைத்து, தீர்மானத்தில் ஏற்றுங்கள். செலவு அதிகம் ஆகாது. இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

தம்பியிடம் இவ்வளவும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "எங்க போர் எத்தனை அடின்னு அப்பாவுக்குத்தான் தெரியும், இப்ப தண்ணி எத்தனையில நிக்குதுன்னு அவருக்கும் தெரியாதுண்ணே" என்றார்.

அங்கிருந்து தொடங்குவோம்.