கொல்லத்தின் பெருமைக்கு அடியில் இருப்பது எது?

கொல்லம் கண்டவனுக்கு இல்லம் வேண்டாம் என்பது கேரளத்தில் வழங்கும் பழமொழி. அந்த மாவட்டத்தைப் போற்றும் சுற்றுலாக் கையேடுகள் பெரும்பாலும் இப்பழமொழியோடு தொடங்கி, அஷ்டமுடிக் காயல், தங்கசேரியின் 1902ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கம், மன்றோ தீவின் ஓடைகள், தென்மலையின் பதின்மூன்று கண் பாலம் என்று அடுக்கிச் செல்கின்றன. இப்புகழ்ச்சியில் பொய் ஏதுமில்லை. ஆயினும் அழகு மட்டுமே ஒரு கடற்கரையை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழவைத்துவிடாது. கொல்லத்தை வாழவைத்தவை, அங்குள்ளோர் கடலோடும் வந்தவர்களோடும் தமக்குள்ளும் செய்துகொண்ட உடன்படிக்கைகள்.

கி.பி. 825இல் தொடங்கும் கொல்லம் ஆண்டு, தென்தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளிலும் பயின்றுவரும் அளவுக்கு அந்நகரின் பெயர் பரவியிருந்தது. அடுத்த கால் நூற்றாண்டுக்குள், 849இல், சேர மன்னர் தாணு இரவியின் ஆட்சியில் வேணாட்டுத் தலைவர் அய்யனடிகள் தரிசாப்பள்ளிக்குச் செப்பேடு வழங்கினார். பள்ளியை நிறுவியவர் மேற்காசியாவிலிருந்து வந்த கிறித்தவ வணிகர். அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் ஆகிய வணிகக் குழுக்களின் உரிமைகளும் பொறுப்புகளும் அதில் வட்டெழுத்தில் வரையறுக்கப்பட்டுள்ளன. சாட்சிகளோ அரபு, பாரசீக, எபிரேய எழுத்துகளில் ஒப்பமிட்டிருக்கின்றனர். மிளகும் இஞ்சியும் தேடி வந்த கப்பல்கள் நூற்றாண்டுக் கணக்கில் அத்துறையை நாடியதற்கு இத்தகைய உறுதிமொழியும் ஒரு காரணம். எனினும், அதே செப்பேட்டில் உழைக்கும் குடிகள் நிலத்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டனர். அவர்களிடம் ஒப்பம் கேட்கப்படவில்லை. கொல்லத்தின் வரலாற்றில் பெருமையும் குறையும் ஒரே ஏட்டில் பதிவாகியுள்ளன.

பிற்கால வரலாறும் இதையே காட்டுகிறது. 1953இல் நீண்டகரையில் தொடங்கிய இந்தோ–நார்வே திட்டம் விசைப்படகுகளைக் கொண்டுவந்தது. இறால் ஏற்றுமதி பெருகியது; இழுவலை கடலடியைச் சுரண்டியபோது மரபுவழி மீனவர் கிளர்ந்தெழுந்தனர். நெடிய போராட்டத்துக்குப் பின் 1988இல் கேரளத்தில் மழைக்கால இழுவலைத் தடை நடைமுறைக்கு வந்தது. அஷ்டமுடிக் காயலிலும் இவ்வாறே நிகழ்ந்தது. ஏற்றுமதிக்காக மிகையாக அள்ளப்பட்ட மட்டி வளம் 1990களின் தொடக்கத்தில் சரிந்தது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவுரையை ஏற்று, இனப்பெருக்கக் காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டி அள்ளுவது நிறுத்தப்பட்டது. வலைக்கண்ணின் அளவும் வரையறுக்கப்பட்டது. வளம் மீண்டது. 2014இல் நீடித்த மீன்பிடிப்புக்கான எம்.எஸ்.சி. என்னும் பன்னாட்டுச் சான்றை இந்தியாவிலேயே முதன்முதலாகப் பெற்றது இம்மட்டித் தொழில்தான். சுற்றுலாக் கையேடு முதலில் சொல்லவேண்டிய செய்தி இதுவே.

உடன்பாடு இல்லாத இடங்களில் நேர்வதையும் இம்மாவட்டமே காட்டுகிறது. திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் கனிமம் இருப்பதை 1909இல் ஜெர்மானிய வேதியியலர் சோம்பெர்க் கண்டறிந்தார். அதன்பின் சவறா முதலிய இடங்களின் கருமணல் பெருஞ்செல்வமாயிற்று. அரசு நிறுவனங்கள் எழுந்தன, பலருக்கு வேலை கிடைத்தது. ஆனால் கடலுக்கும் கால்வாய்க்கும் இடையே நாடாவைப் போல் கிடக்கும் ஆலப்பாட்டில் நிலம் கரைந்தது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் நூற்றுக்கு மேற்பட்டோரை இழந்த ஊர் அது. மணல் அகழ்வை நிறுத்தக் கோரி 2018இல் அவ்வூர் மக்கள் தொடர் உண்ணாநிலையில் அமர்ந்தனர்.

முந்திரித் தொழிலின் நிலையும் கவலைக்குரியதே. ஓட்டை உடைத்து, தோல் உரித்து, பருப்பைத் தரம் பிரித்துக் கொல்லத்துக்கு முந்திரித் தலைநகர் என்னும் பெயரைத் தேடித் தந்தவர்கள் பெண்கள். ஓட்டின் எண்ணெய் அவர்கள் விரல்களைக் கருக்கியது. இறக்குமதிக் கொட்டையின் விலையேற்றமும் வியட்நாமின் போட்டியும் ஆலைகளை மூடியபோது அவர்களே முதலில் வேலையிழந்தனர்.

கனிமம் வேண்டாம், ஆலை வேண்டாம், பயணியர் வேண்டாம் என்று கூறுவது எளிது, அது தீர்வாகாது. மணலை எங்கே, எவ்வளவு, எந்த மாதங்களில் எடுக்கலாம் என்பதைக் கரையில் வாழ்வோரையும் உடன் அமர்த்தி முடிவு செய்யவேண்டும். கரை அரிப்பின் அளவீடுகள் ஆண்டுதோறும் ஊர்மன்றத்தின் முன் வைக்கப்படவேண்டும். முந்திரி ஆலைக்கு அரசு உதவி வழங்கும்போது, ஆண்டுக்கு இத்தனை நாள் வேலை உறுதி என்னும் நிபந்தனையும் எழுத்தில் இருக்கவேண்டும். மட்டி அள்ளுவோரிடம் செல்லுபடியான முறை இவர்களிடம் செல்லாது என்று கூறுவதற்குக் காரணம் ஏதுமில்லை.