லப்போர்த் முதல் 'அப்பா பேரு' வரை: புதுச்சேரிக்கு சர்நேம் வந்த கதை தெரியுமா?

"சர்நேம்ல என்னண்ணா போடறது?"

மூலக்குளத்தில் எங்க வீட்டுப் பக்கத்தில் இருக்கும் பிரவுசிங் சென்டரில் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பெயர், ஊர், பிறந்த தேதி எல்லாம் கடகடவென்று முடிந்துவிடும். சர்நேம் என்ற கட்டம் வந்ததும் கை நிற்கும். "அப்பா பேரைப் போடுங்கக்கா" என்பதுதான் கடைக்காரரின் வழக்கமான பதில்.

அந்த ஒரு வார்த்தையில் பின்னாடி விசா சிக்கல் வரை வரலாம். இதே புதுச்சேரியில் 140 வருஷத்துக்கு முன்னாடி சர்நேம் என்பது ஒரு அரசியல் முடிவாகவும் இருந்தது. என்ன நடந்தது? வாங்க, பார்க்கலாம்.

சர்நேம் எப்படி உருவாகுது?

உலகம் முழுக்க பெரும்பாலும் நாலு வழிதான்: தொழில், ஊர், அப்பா பெயர், பட்டப்பெயர். போலந்தை எடுத்துக்கோங்க. அங்கே மிக அதிகம் பேர் வைத்திருக்கும் சர்நேம் 'நோவாக்'. ஊருக்குப் புதுசா வந்தவர் என்று அர்த்தம். இன்னொரு பிரபலமான பெயர் 'கோவால்ஸ்கி'. 'கோவால்' என்றால் கொல்லர். அதே குடும்பத்துப் பெண் 'கோவால்ஸ்கா' ஆகிவிடுவார்.

தமிழர்களுக்கு அந்த இடத்தில் இருந்தது சாதிப் பட்டம். பிள்ளை, முதலியார், நாயக்கர் என்று பெயரோடு ஒட்டிக்கொண்டே வந்தது. பெயரைச் சொன்னதுமே ஆள் யார், எங்கே உட்காரலாம் என்பது வரை முடிவாகிவிடும்.

'லப்போர்த்' யார்?

பொன்னுத்தம்பி பிள்ளை புதுச்சேரியில் வக்கீலாக இருந்தவர். 1873-ல் ஐரோப்பியர் மாதிரி ஷூ போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனதால் தடுக்கப்பட்டார். அவர் விடவில்லை. வழக்கு பாரிஸில் உள்ள மேல் நீதிமன்றம் வரை போய், அவருக்குச் சாதகமாக முடிந்தது.

அடுத்து வந்தது 1881 செப்டம்பர் 21-ம் தேதி ஆணை. அதன்படி பிரெஞ்சு இந்தியாவில் இருப்பவர்கள் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்துவிட்டு, பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். அதற்கு ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். ஒருமுறை துறந்தால் திரும்ப முடியாது. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் அதுதான்.

இப்படித் துறந்தவர்களுக்குப் பெயர் 'ரெனோன்சான்'. பொன்னுத்தம்பி 'பிள்ளை' பட்டத்தை விட்டுவிட்டு எடுத்துக்கொண்ட பெயர் 'லப்போர்த்'. பிரெஞ்சில் கதவு என்று அர்த்தம். தமிழர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவர் என்றே இந்தப் பெயருக்கு விளக்கம் சொல்கிறார்கள்.

யாருக்கு லாபம்?

சாதியில் கீழே வைக்கப்பட்ட பலருக்கு, குறிப்பாகக் கிறிஸ்தவர்களாக மாறிய தலித்துகளுக்கு, இது ஒரு வாய்ப்பாகத் தெரிந்தது. பெயரைக் கேட்டால் சாதி தெரியாது. சொத்து விஷயத்திலும் பெரிய மாற்றம்: பிரெஞ்சு சிவில் சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு.

ஆனா எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. அந்தக் காலத்து அரசியலில் செல்வாக்கோடு இருந்த நாடு சண்முக முதலியார் தரப்பு இதைக் கடுமையாக எதிர்த்தது. 1884-ல் வாக்காளர் பட்டியல் மூன்றாகப் பிரிக்கப்பட்டது: ஐரோப்பியர், ரெனோன்சான்கள், மற்ற இந்தியர்கள். பெயரை மாற்றினால் சமமாகிவிடலாம் என்று நம்பியவர்களுக்குக் கிடைத்தது தனிப் பட்டியல்தான்!

இன்னைக்கும் அது செல்லுமா?

செல்லும். 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று வாய்ப்பு தரப்பட்டது. அப்படி எழுதிக் கொடுத்த குடும்பங்களைத்தான் இன்னைக்கும் 'பிரெஞ்சுக்காரங்க' என்றும், அவர்களில் ராணுவத்தில் இருந்தவர்களை 'சொல்தா' என்றும் நம்ம ஊரில் சொல்றோம்.

இதில் ஒரு நுணுக்கம். ரெனோன்சான் வேறு, பிரெஞ்சுக் குடிமகன் வேறு. ரெனோன்சான் வம்சத்தில் வந்து இந்தியக் குடிமக்களாக இருப்பவர்களுக்கும் திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் பிரெஞ்சு சிவில் சட்டம் தொடர்கிறது. அதனால் இந்த ஊரில் ஒரு சொத்துத் தகராறு வந்தால், கொள்ளுத்தாத்தா 1880-களில் பெயரைப் பதிவு செய்தாரா இல்லையா என்பதே வழக்கின் போக்கை மாற்றலாம்.

கப்பலேறிய பெயர்கள்

புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக ரீயூனியன், குவாதலூப் தீவுகளுக்குக் கூலிகளாகப் போன தமிழர்களுக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே பெரும்பாலும் கிடைக்கவில்லை. பதிவேட்டில் எழுதப்பட்ட ஆள் பெயரே குடும்பப் பெயராக உறைந்துபோனது. ராமசாமி அங்கே 'ரமசாமி', வீரப்பிள்ளை 'விரப்புல்லே', முத்துசாமி 'முதுசாமி'. குவாதலூப்பில் இருந்து பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குப் போன எர்னஸ்ட் முதுசாமியின் பெயரில் இருப்பது என்றோ கப்பலேறிய ஒரு முத்துசாமிதான்.

தென்னாப்பிரிக்காவில் கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார், முதலி 'மூட்லி' ஆனார். சாதிப் பட்டம் அங்கே வெறும் சர்நேம்.

தமிழ்நாடு என்ன செய்தது?

இங்கே வழி வேறு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைக் கைவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பெயருக்குப் பின்னால் இருந்த பட்டம் மெல்ல மறைந்தது. முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டும் நின்றது. லப்போர்த் புதுப் பெயர் வாங்கி சாதிப் பட்டத்தை விட்டார். நம்ம ஆட்கள் பெயர் எதுவும் வாங்காமலேயே விட்டார்கள்.

அப்போ இப்ப என்ன பிரச்சினை?

உலகம் முழுக்க கம்ப்யூட்டர் கேட்பது இரண்டு கட்டம். நம்மிடம் இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும்.

2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒரு விதி கொண்டு வந்தது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா, விசிட் விசாவில் அனுமதி இல்லை. பதறிப்போனவர்களில் தமிழர்கள் நிறைய. பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. அமெரிக்க விசாவிலோ ஒற்றைப் பெயர்க்காரர்களின் முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு' என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம்!

அப்பா பெயரையே போட்டாலும் குழப்பம் தீராது. முருகன் மகன் சங்கர், 'சங்கர் முருகன்' ஆகிறார். அவர் மகன் கார்த்திக், 'கார்த்திக் சங்கர்'. ஒரே வீட்டில் அப்பாவுக்கும் மகனுக்கும் வேற வேற சர்நேம். வெளிநாட்டு ஏர்போர்ட்டில் "இது உங்க பையன்தானா?" என்று கேட்டால் தப்பு சொல்ல முடியாது.

நீங்க என்ன செய்யலாம்?

* சர்நேம் கட்டம் கட்டாயம் இல்லை. ஆனா காலியாக விடுவதற்கு முன், போகப்போகும் நாட்டின் விதியைப் பாருங்க.
* இனிஷியலை விரித்து எழுதுவதாக இருந்தால் ஆதார், பான், வங்கிக் கணக்கு, சான்றிதழ் எல்லாவற்றிலும் ஒரே ஸ்பெல்லிங் இருக்கட்டும்.
* கல்யாணத்துக்குப் பிறகு பெண்கள் பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றியே ஆகணும் என்று சட்டம் இல்லை.
* குழந்தைக்கு முதல் பாஸ்போர்ட் எடுக்கும்போதே குடும்பமாக உட்கார்ந்து பேசி முடிவு பண்ணுங்க. பின்னாடி மாற்றுவது என்றால் அலைச்சல்தான்.

அன்று லப்போர்த்துக்கு, தான் எந்தப் பெயரில் வாழணும் என்று யோசிக்க நேரம் இருந்தது. நமக்கு பிரவுசிங் சென்டரில் பின்னால் வரிசை நிற்கும். அதனால் அந்தக் கட்டத்துக்கான பதிலை வீட்டிலேயே எழுதி எடுத்துட்டுப் போங்க.