பணம் வாங்கியவர் கணக்குச் சொல்ல வேண்டாமா?

கடையில் பணம் கொடுத்தால் பொருள் கைக்கு வர வேண்டும். கம்பெனியில் பங்கு வாங்கினால் லாபத்திலும் நஷ்டத்திலும் பங்கு உண்டு. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. இன்னும் செய்யப்படாத ஒரு பொருளுக்காக, முகம் தெரியாத ஒருவரிடம், ஆயிரக்கணக்கானோர் ஆளுக்குக் கொஞ்சமாகப் பணம் கொடுப்பது. இதற்குப் பெயர்தான் கிரவுட்ஃபண்டிங். அமெரிக்காவில் 2009-ல் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் தளம்தான் இதைப் பிரபலமாக்கியது.

சரி, சொன்ன தேதியில் பொருள் வரவில்லை என்றால்? பணம் கொடுத்தவர் யாரைப் போய்க் கேட்பது?

இரண்டு கதைகளைப் பார்ப்போம்.

முதலாவது, 'கூலஸ்ட் கூலர்'. மிக்ஸியும் ஸ்பீக்கரும் பொருத்திய ஐஸ் பெட்டி. 2014-ல் 62,000-க்கும் அதிகமானோர் சேர்ந்து 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். 2015 பிப்ரவரியில் பெட்டி வரும் என்றார்கள். வரவில்லை. பணம் கொடுத்தவர்கள் காத்துக்கொண்டிருக்க, அதே பெட்டி அமேசானில் வெளியாருக்கு விற்கப்பட்டது! 2016-ல், இன்னும் 97 டாலர் கொடுத்தால் சீக்கிரம் அனுப்புகிறோம் என்றார்கள். 2019 டிசம்பரில் கம்பெனியை மூடியபோது, சுமார் 20,000 பேருக்குப் பெட்டி வந்து சேரவே இல்லை.

இரண்டாவது, 'டபுள் ஃபைன்' நிறுவனத்தின் கணினி விளையாட்டு. 2012-ல் 4 லட்சம் டாலர் கேட்டார்கள். 33 லட்சம் கிடைத்தது. அந்த ஆண்டு அக்டோபரில் தருவதாகச் சொன்ன விளையாட்டின் முதல் பாதி 2014 ஜனவரியிலும், மறுபாதி 2015 ஏப்ரலிலும்தான் வந்தது. கூலர்காரர்களின் தாமதத்துக்கு இது ஒன்றும் இளைத்ததல்ல. ஆனால் வேலை நடப்பதை ஆரம்பத்திலிருந்தே படம்பிடித்து, பணம் கொடுத்தவர்களுக்குக் காட்டி வந்தார்கள். பணம் போதவில்லை, இரண்டாகப் பிரித்து வெளியிடப் போகிறோம் என்று 2013-லேயே சொல்லிவிட்டார்கள். கோபப்பட்டவர்கள் உண்டு. ஆனால் என்ன நடக்கிறது என்று தெரியாமல் தவித்தவர்கள் குறைவு.

வித்தியாசம் இங்கேதான். புதிதாக ஒன்றைச் செய்பவருக்குத் தாமதம் ஆகலாம். தோற்றும் போகலாம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஈதன் மோலிக் 2015-ல் செய்த ஆய்வில், கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டிய திட்டங்களில் சுமார் 9 சதவீதம் சொன்னதைத் தரத் தவறியதாகத் தெரிந்தது. அதாவது பெரும்பாலானவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. ரொம்பக் கெடுபிடி செய்தால் புதியவர்கள் பயந்துவிடுவார்கள் என்று சிலர் வாதிடுவது இதனால்தான். ஆனால் கணக்குக் கேட்பது வேறு, வெற்றி கேட்பது வேறு அல்லவா?

கிக்ஸ்டார்ட்டரும் 2014-ல் விதியைத் திருத்தியது. முடிக்க முடியாதவர் என்ன வேலை நடந்தது, பணம் எப்படிச் செலவானது என்று விளக்க வேண்டும். மீதியிருந்தால் திருப்பித் தர முன்வர வேண்டும். நல்ல விதிதான். ஆனால் மீறினால்? தளம் தன் 5 சதவீதக் கட்டணத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுகிறது.

கோர்ட்டுக்குப் போகலாமே என்பீர்கள். வாஷிங்டன் மாநிலத்தில் அரசே போனது. 810 பேரிடம் சுமார் 25,000 டாலர் வாங்கிச் சீட்டுக்கட்டு அனுப்பாத ஒருவர் மீது 2014-ல் வழக்கு. 2015-ல் சுமார் 54,000 டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பும் வந்தது. அதில் பணம் கொடுத்தவர்களுக்கு எவ்வளவு தெரியுமா? அந்த மாநிலத்தைச் சேர்ந்த 31 பேருக்கு மொத்தம் 668 டாலர். மற்றதெல்லாம் அபராதமும் வழக்குச் செலவும். மீதி 779 பேருக்கு அந்தத் தீர்ப்பில் ஒன்றுமில்லை.

எனவே, பணம் போன பிறகு ஓடுவதைவிட, கொடுக்கும்போதே கட்டுப்பாடு வேண்டும். மொத்தத்தையும் ஒரே நாளில் கையில் கொடுக்காமல், வேலை நடக்க நடக்கத் தளம் பிரித்துக் கொடுக்கட்டும். மாதம் ஒருமுறை வரவு செலவு காட்டாதவருக்கு அடுத்த தவணை இல்லை. முதலில் நம்பியவர்களுக்கு அனுப்பாமல் வெளியாருக்கு விற்கக் கூடாது. விற்றால்தான் வேலை நடக்கும் என்றால், அவர்களைக் கேட்டுவிட்டு விற்கட்டும்.

நேர்மையாகச் செய்பவருக்கு இதெல்லாம் ஒரு பாரமா என்ன?